ராஜபாளையம் பெட்டையை ஒரு ஈத்தாவது ஈனவிட வேண்டுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் ஒன்றரை வயது ராஜபாளையம் பெட்டை நாய் இருக்கிறது. இரண்டு தடவை ஹீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு ஈத்தாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாட்டு இனம் அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. தெரிந்தவர் வீட்டில் நல்ல கடுவன் இருக்கிறது. இணை சேர்க்கலாமா?"

வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் நாய் மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் காரணங்களையும் எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தென்மாவட்டங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். மாடும் ஆடும்தான் அதிகம் பார்த்தேன். ஆனால் விருதுநகர் பக்கம் இருந்த வருடங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் என் மேசைக்கு வராத வாரம் இல்லை. இந்த நாய்கள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. வேண்டாம் என்று சொல்வதும் அந்தப் பிரியத்தால்தான்.

முதலில் உடம்பைப் பற்றி. ஒரு முறை குட்டி போட்டால் பெட்டைக்கு ஆரோக்கியம் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஹீட் முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சில பெட்டைகளுக்கு மடி இறங்கும், பால்கூடச் சுரக்கும். செருப்பையோ பொம்மையையோ தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்துக் காவல் காக்கும். பார்க்கிறவர்கள், குட்டிக்கு ஏங்குகிறது பாவம் என்பார்கள். பெட்டை நாய்க்கு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது உடம்பு தான் ஈன்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. இதைத்தான் பொய்ச்சினை என்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

அதே ஹார்மோன் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். கிருமி புகுந்தால் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். இதற்கு பயோமெட்ரா என்று பெயர். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், கருத்தடை செய்யாத பெட்டைகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் வந்திருந்தது. நான் பார்த்தவையெல்லாம் ஒரே மாதிரிதான் வரும். ஏழெட்டு வயது, நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, ஹீட் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். நேரத்தோடு கொண்டுவந்தால் அறுவை சிகிச்சையில் காப்பாற்றலாம். தாமதமானால் இல்லை. குட்டி ஈன்ற நாய்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் கருப்பையை எடுத்துவிட்ட நாய்க்கு அது வர வழியே இல்லை.

மார்புக் கட்டியும் அப்படித்தான். கருத்தடை செய்யாத நாய்க்கு உள்ள ஆபத்தை நூறு என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்தால் அதில் 0.5 சதவீதம், ஒரு ஹீட்டுக்குப் பின் 8 சதவீதம், இரண்டுக்குப் பின் 26 சதவீதம் என்று 1969-இல் வந்த ஒரு ஆய்வின் கணக்கை எங்கள் காலத்தில் மனப்பாடமாகச் சொல்வோம். அந்த எண்களின் வலு பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நாய்க்கு இரண்டு ஹீட் ஆகிவிட்டதால் இந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விட்டது. பயோமெட்ராவிலிருந்து கிடைக்கிற பாதுகாப்பு மட்டும் முழுதாக இன்னும் கையில் இருக்கிறது.

மறுபக்கம், ஈனுவதில் என்னென்ன ஆபத்து என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். குட்டி குறுக்கே சிக்கினால் இரவோடு இரவாகச் சிசேரியன் செய்ய வேண்டிவரும். எல்லா ஊரிலும் அந்த நேரத்துக்கு ஆள் கிடைக்காது. ஈன்று இரண்டு மூன்று வாரம் கழித்து, நிறையக் குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் சரேலென்று இறங்கும். உடம்பு உதறும், கால் விறைக்கும், நுரை தள்ளும். வெறி பிடித்துவிட்டது என்று பயந்து கட்டிப்போட்டுவிட்டு, விடிந்ததும் என்னிடம் ஓடிவந்தார்கள் ஒரு குடும்பத்தினர். நான் போய்ச் சேர்வதற்குள் அது இறந்துவிட்டது. கால்சியம் ஊசி மெதுவாக ஏற்றியிருந்தால் ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றிருக்கும். அந்த வீட்டுப் பெரியம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடுவன் நல்ல கடுவன் என்கிறீர்கள். நல்ல உயரம், நல்ல வெள்ளை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். அது ஊரில் வேறு எந்தெந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். இணை சேரும்போது பரவுகிற ஒரு புற்றுக்கட்டி நம் ஊர்த் தெரு நாய்களிடம் சர்வசாதாரணம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சிவந்து ரத்தம் சொட்டும். வாரம் ஒரு ஊசி என்று பல வாரம் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். புரூசெல்லா கிருமியும் இதே வழியில் வரும். அது மனிதர்களுக்கும் தொற்றும்.

சரி, எல்லாம் நல்லபடி நடந்து தாயும் குட்டிகளும் நலம் என்றே வைத்துக்கொள்வோம். இதற்கு அடுத்தது எனக்கு இன்னும் முக்கியம்.

ராஜபாளையம் அளவு நாய்க்கு ஏழெட்டுக் குட்டி சாதாரணம். சினையாக இருக்கும்போதே சொந்தக்காரர்கள் சொல்லிவைப்பார்கள்: "கடுவன் குட்டி இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க." எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதில் எத்தனை பேர் பெட்டை என்றாலும் பரவாயில்லை என்றார்கள் என்றும் எண்ணுங்கள். வழக்கப்படி கடுவனின் சொந்தக்காரர் முதல் குட்டியைப் பொறுக்கிக்கொண்டு போவார். அதுவும் கடுவனாகத்தான் இருக்கும். மீதிக் கடுவன் குட்டிகள் ஒரு மாதத்துக்குள் போய்விடும். பெட்டைக் குட்டிகள் நிற்கும். ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொன்றும் தட்டு நிறையச் சாப்பிடும், வீடெங்கும் அசுத்தம் செய்யும், செருப்பைக் கடிக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் கேள்வி கேட்பார். அப்புறம் ஒரு நாள் இரவில் அட்டைப்பெட்டி.

நான் வேலை பார்த்த மருத்துவமனை வாசலில் விடியற்காலையில் அந்த அட்டைப்பெட்டிகள் கிடக்கும். வருடத்தில் பத்துப் பதினைந்தாவது பார்த்திருப்பேன். உள்ளே பழைய துணி, சில சமயம் ஒரு பிஸ்கட் பாக்கெட். வைத்தவர்களுக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை, அதனால்தான் மருத்துவமனை வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். குட்டிகளைத் தூக்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே பெட்டையாக இருக்கும். கோயில் வாசல், மீன் மார்க்கெட், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் என்று மற்ற இடங்களில் விடப்பட்டவற்றுக்கு இந்த வாசல்கூடக் கிடைத்திருக்காது.

இந்த ஊரின் தெரு நாய்ப் பிரச்சினைக்கும் வீட்டில் போடும் ஈத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது. தெருவில் பிறப்பவற்றில் பெரும்பாலானவை தெருவில் இருக்கிற தாய்களுக்கே பிறக்கின்றன, உண்மை. ஆனால் வீடுகளிலிருந்து தெருவுக்குப் போய்ச் சேர்வது குறிப்பாகப் பெட்டை, அதுவும் கருத்தடை செய்யாத பெட்டை. ஒரு கடுவன் கூடினாலும் குறைந்தாலும் ஒரு தெருவின் குட்டிக் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு பெட்டை கூடினால் மாறும்.

ஒரு பெட்டையும் அதன் வாரிசுகளும் ஆறு வருடத்தில் 67,000 நாய்களாகப் பெருகும் என்று ஒரு கணக்கு சுவரொட்டிகளில் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள், நல்ல நோக்கத்துக்காகக்கூடப் பரப்பாதீர்கள். பிறக்கிற குட்டி எல்லாம் பிழைத்தால்தான் அந்தப் பெருக்கல் சரியாக வரும். மேற்கு வங்கத்தில் தெருவில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதர்களால் வந்தவை: வண்டியில் அடிபட்டது, விஷம் வைத்தது, அடித்துக் கொன்றது, இடத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு போனது. உங்கள் வீட்டு ஈத்தில் தெருவுக்குப் போகிற குட்டிக்கும் இந்தக் கணக்கே பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குட்டியில் ஒன்று பிழைக்கும். பிழைத்த அந்த ஒன்று தெருவில் ஈனும்.

சென்னையில் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தெரு நாய்கள் 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை 27 சதவீதம் மட்டும். நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு அந்த மாநகராட்சி 1996-இலேயே மாறியது. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அதற்காகப் பல வருடம் போராடியிருந்தது. வழி தெரிந்து முப்பது வருடம் ஆகியும் இந்த எண்ணிக்கையில் நிற்கிறோம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்கள் குறித்து அடுத்தடுத்து இரண்டு உத்தரவுகள் போட்டபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தெருவில் இருக்கிற நாயை என்ன செய்வது என்றுதான் பேச்சு. வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிற வழியை அடைப்பது பற்றிக் காதில் விழுந்தது மிகக் குறைவு.

சட்டமும் அங்கே பலவீனம்தான். பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அச்சடித்தபோது அது ஒரு தொகை. இன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாடுகூட வராது.

இனி நாட்டு இனத்தைக் காப்பது பற்றி. உங்கள் நோக்கம் எனக்கும் பிடித்த நோக்கம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நம் நாய்கள் மேல் ஊருக்கே ஒரு பற்று வந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்குப் பின் நடந்தது வேறு. யாரிடம் ஒரு வெள்ளை நாய் இருந்ததோ அவரெல்லாம் குட்டி விற்றார். காட்டுவெளியில் மைல் கணக்கில் ஓடுவதற்கென்று உருவான சிப்பிப்பாறையை அடுக்குமாடியில் கட்டிப்போட்டார்கள். ஒரு வருடத்தில் கதவைக் கிழிக்கிறது, ஆளைக் கடிக்கிறது என்று தோட்டத்துக்கோ தெருவுக்கோ அனுப்பினார்கள். எண்ணிக்கை கூடியது, இனம் பலப்படவில்லை.

இனம் பலப்படாததற்குக் காரணத்தை ராஜபாளையத்தை வைத்தே சொல்லலாம். சொன்ன பேச்சு கேட்பதே இல்லை, எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, எழுப்பினால் கடிக்க வருகிறது என்று ஒரு ஐந்து மாதக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். அதன் பின்னால் நின்று ஸ்டீல் தட்டைத் தட்டினேன். காதுகூட அசையவில்லை. அது பிறவிச் செவிடு. அந்த வீட்டில் அதுவரை அடங்காப்பிடாரி என்று அடி வாங்கியிருந்தது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. வெள்ளை நிறத்துக்கான மரபணு அந்த நிறச்செல்களைக் காதுவரை போய்ச் சேரவிடாமல் தடுத்துவிட்டால், பிறந்து சில வாரத்திலேயே மயிர்செல்கள் அழிந்துபோகும். அது திரும்ப வராது. டால்மேஷியன் இனத்தில் அமெரிக்காவில் சோதித்தபோது ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது நாய்களுக்கு ஒரு காதோ இரண்டுமோ கேட்கவில்லை. அதே இனத்தில் பிறக்கும்போதே உடம்பில் ஒரு கருந்திட்டு உள்ள குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு என்பதும் தெரியவந்தது. நாம் என்ன செய்கிறோம்? ராஜபாளையம் ஈத்தில் காதிலோ முதுகிலோ திட்டு விழுந்த குட்டியைக் கலப்பு என்று ஒதுக்குகிறோம். சுத்த வெள்ளையை மட்டும் வளர்த்து, அதையே மறுபடி சுத்த வெள்ளையோடு சேர்க்கிறோம். இனத்துக்குக் காது கேட்க வைக்கும் குட்டிகளைத்தான் ஒதுக்குகிறோமோ என்ற கவலை எனக்கு நெடுநாளாக உண்டு.

ஒரு காது மட்டும் கேட்காத நாயைத் தட்டைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. மூளையின் மின் அலைகளை வைத்துக் கேட்கும் திறனை அளக்கும் சோதனை ஒன்றுதான் வழி. உங்கள் பெட்டைக்கும் அந்தக் கடுவனுக்கும் அது செய்யப்பட்டதா? இரண்டும் ஒரே பாட்டன் வழி இல்லை என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டியின் உள்கலப்புக் கணக்கு, அதாவது பெற்றோரின் ரத்த உறவு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் அளவு, 25 சதவீதம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவானால் 12.5. சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரே பேர்போன கடுவனுக்குப் பிறந்தவை நிறைய இருக்கும்போது, தெரியாமலே இது நடக்கிறது. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் இருந்தால் வம்சாவளி தெரியும், அவ்வளவுதான். பேப்பர் ஆரோக்கியச் சான்றிதழ் கிடையாது.

நல்லபடி இனம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் கன்னி நாய்கள் வைத்திருந்தார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எந்த ஈத்தில் எத்தனை, எது எப்போது எதனால் செத்தது, யாரிடம் போனது என்று நாற்பது வருடத்துக்கு எழுதியிருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஈத்துதான் எடுப்பார். கேட்கிற ஆள் வீட்டுக்குத் தானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் குட்டி தருவார். ஆறு வருடம் கழித்து ஒருவர் ஊர் மாறிப் போவதாகச் சொன்னபோது, நாயைத் திரும்ப வாங்கித் தன் திண்ணையிலேயே வைத்துக்கொண்டார். "நான் பொறக்க வச்சது, நான்தானே பாக்கணும் டாக்டர்" என்றார். இனம் வளர்ப்பவர் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

சட்டம் கேட்பதும் ஏறக்குறைய அதையே. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் நம் ஊரில் தினமும் மீறப்படுகிறது. 30 நாள் குட்டி என்று பெருமையாகவே விளம்பரம் செய்கிறார்கள். கடிக்கும் வேகத்தை அடக்கவும் மற்ற நாயோடு பழகவும் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் கற்றுக்கொள்கிற வாரங்கள் அவை. அப்போதே பிரிக்கப்பட்ட குட்டி பின்னால் கடிக்கிற நாயாக என்னிடம் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்தேன். போதாக்குறைக்குத் தடுப்பூசி பிடிக்காத அந்த வயதில் பார்வோ வைரஸ் தாக்கினால் ஒரு ஈத்து முழுவதுமே போய்விடும்.

இவ்வளவையும் படித்த பிறகும் இணை சேர்க்கும் ஆசை இருந்தால் ஒன்று செய்யுங்கள். நான்கு பெட்டைக் குட்டிகளுக்கு நான்கு வீட்டை இப்போதே, இணை சேர்ப்பதற்கு முன்பே, பெயரோடு எழுதுங்கள். கருத்தடை செய்து வளர்ப்போம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அதில் எந்த வீடு கைவிட்டாலும் எத்தனை வயதானாலும் அந்த நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். என்னிடம் வந்தவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். பட்டியலை முடித்துக்கொண்டு வந்தவர் இருவர்தான். இனத்துக்கு உதவ வேறு வழியும் உண்டு. கைவிடப்பட்ட நாட்டு நாய் ஒன்றை எடுத்து வளர்க்கலாம். வளர்ப்பவரிடம் வாங்கினால், அவரிடம் வம்சாவளி நோட்டையும் காதுச் சோதனையையும் கேட்டு வாங்கலாம். கேட்கிறவர்கள் கூடினால் வளர்ப்பவர்களும் மாறுவார்கள்.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். கடைசி ஹீட் எந்தத் தேதியில் முடிந்தது என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டரை, மூன்று மாதம் கழித்துக் கருத்தடை செய்வது நல்லது. அந்த நேரத்தில் ரத்தக்குழாய்கள் அடங்கியிருக்கும், பொய்ச்சினையும் ஓய்ந்திருக்கும். அதற்குள் ஹீட் வந்துவிட்டால் மூன்று வாரமும் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பெரும்பாலும் ரத்தம் குறைந்த பிறகுதான் கடுவனை ஏற்கும் நாட்களே வரும், அப்போது கதவைத் திறந்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஹீட் வராமல் இருக்க ஒரு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், பயோமெட்ராவுக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கொழுப்பில்லாத வேட்டை நாய் உடம்பு என்பதால் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து தெளிய நேரமாகலாம். வேறு மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பத்தாம் நாள் வாக்கில் தையல் பிரிப்பார்கள். அதுவரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு போட்டிருக்க வேண்டும். ராஜபாளையத்துக்குக் கழுத்தும் முகமும் நீளம், சின்னக் கூம்பு போட்டால் எட்டி நக்கிவிடும். ஒரு அளவு பெரியதாகக் கேட்டு வாங்குங்கள்.